அப்பாவுக்கு, லங்காஸ்டரிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். நான் சுகமாக இருக்கிறேன். அம்மாவின் முட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். திசையன்விளையில் இந்த வருடமும் மழை ஏமாற்றிவிட்டதாகத் தம்பி சொன்னான். ஆம், அவனோடு நான் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். இந்தக் கடிதமே, மனைவிக்கு மருந்து கொடுத்ததற்காக நம் சபை நீக்கிய அவனைப் பற்றியதுதான்.

போன வாரம் போனில், "சபைக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்கச் சொல், பிறகு வீட்டுக்குள் வரட்டும்" என்றீர்கள். நான் பதில் சொல்லவில்லை. அம்மா பக்கத்தில் அழுதுகொண்டிருந்தார்கள். ஆராதனை முடிந்து வந்து, ஞாயிறு மத்தியானம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசிப்பீர்கள் என்று எழுதுகிறேன்.

முதலில் இந்த ஊரைப் பற்றிச் சொல்கிறேன். நான் சொல்லப்போகும் எல்லாம் இங்கே கண்டதிலும் கேட்டதிலும் இருந்துதான் வந்தன. பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் மாவட்டம் முழுக்க விவசாய பூமி. மக்காச்சோளம், புகையிலை, பால் மாடுகள். இரவு வேலை முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது, என் காருக்கு முன்னால் சாம்பல் நிறக் கூண்டு வண்டி ஒன்று குதிரை பூட்டிப் போய்க்கொண்டிருக்கும். கடைகளின் முன்னால் கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்திலேயே குதிரையைக் கட்ட மரச் சட்டம் போட்டிருக்கிறார்கள். வண்டியில் வருகிறவர்கள் ஆமிஷ் என்னும் கிறிஸ்தவர்கள். இந்த வட்டாரத்தில் மட்டும் 40,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். பெண்கள் நகை போடுவதில்லை, தலையை மூடாமல் இருப்பதில்லை, பூப்போட்ட துணி உடுத்துவதில்லை. வீட்டுக்கு மின்கம்பி இழுப்பதில்லை. சொந்தமாகக் கார் வைத்துக்கொள்வதில்லை. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் கூடி, ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆராதிப்பார்கள். போதகரைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவருக்குச் சம்பளம் கிடையாது. உங்களுக்கு அவர்களைப் பிடித்துப்போகும் அப்பா. முதன்முதலாக அவர்களைப் பார்த்தபோது எனக்கு நம் சபைதான் ஞாபகம் வந்தது.

இவ்வளவு கட்டுப்பாடாக இருக்கும் அவர்கள் நோய் என்றால் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். இன்சூரன்ஸ் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பெரிய பில் வந்தால் சபையே கூடிக் கட்டும். அவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் சிறிய கூட்டத்துக்குள்ளேயே கல்யாணம் செய்துவந்ததால் சில பரம்பரை நோய்கள் குழந்தைகளுக்கு அதிகம். அந்தப் பிள்ளைகளுக்காகவே ஸ்ட்ராஸ்பர்க் என்ற பக்கத்து ஊரில் 1989-ல் ஹோம்ஸ் மார்ட்டன் என்ற மருத்துவர் ஒரு மருத்துவமனை தொடங்கினார். அதன் கட்டடத்தை ஆமிஷ்காரர்களும் அவர்களுடைய உறவுச் சபையான மென்னோனைட்டுகளும் சேர்ந்து தங்கள் கையாலேயே எழுப்பிக் கொடுத்தார்கள். மருந்தைத் தேடிப் போவது விசுவாசக் குறைவு என்று அவர்களில் யாரும் நினைக்கவில்லை.

தம்பி செய்தது இதைத்தானே? அவன் மனைவிக்குக் கர்ப்பத்தில் சர்க்கரை ஏறியது. டாக்டர் இன்சுலின் போடச் சொன்னார், போட்டார்கள். நான் நர்ஸ் அப்பா. கர்ப்பத்தில் சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்தவள். "ஊசி போட்டது பாவம் என்று அறிக்கை செய்" என்று மூப்பர்கள் கேட்டார்கள். அவன் மாட்டேன் என்றான். பின்மாற்றக்காரன், அதாவது விசுவாசத்தை விட்டுப் போனவன் என்று பெயர் சூட்டி, சபைப் பட்டியலிலிருந்து அவன் பெயரை அடித்தீர்கள். அந்தத் தாளில் இருந்த கையெழுத்துகளில் ஒன்று உங்களுடையது.

இந்த ஆமிஷ்காரர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று விசாரித்தேன். 1525 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரத்தில் சிலர், "குழந்தையாக இருக்கும்போது கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது, வளர்ந்து, புத்தி தெளிந்து, தானாக விரும்பிக் கேட்கிறவனுக்குத்தான் ஞானஸ்நானம்" என்று ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். இரண்டே வருடத்தில் அவர்களில் பெலிக்ஸ் மான்ஸ் என்பவரை லிம்மாட் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றார்கள். கொன்றவர்களும் வேதத்தைக் கையில் வைத்திருந்தவர்கள்தான். நாமும் அதே காரணத்தால்தானே முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கிறோம்? தானாகத் தேர்ந்தால்தான் விசுவாசம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே நீங்கள். உள்ளே வருவதற்குச் சுயசித்தம் வேண்டும் என்றால், வெளியே போகிறவனின் சுயசித்தத்தை மட்டும் ஏன் குற்றமாக எண்ண வேண்டும்?

அப்படித் துன்புறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகளே பிறகு தங்களுக்குள் விலக்கத் தொடங்கினார்கள். நீக்கப்பட்டவனோடு சாப்பிடலாமா கூடாதா என்பதுதான் 1693-ல் அவர்களைப் பிளந்த முக்கியமான சண்டை. சாப்பிடவே கூடாது என்று நின்றவர் யாக்கோப் அம்மான். ஆமிஷ் என்ற பெயரே அவரால் வந்தது. ஒத்துக்கொள்ளாத மூப்பர்களை அவர் சபைக்குப் புறம்பாக்கினார். ஆனால் 1700-ல் அவரும் அவரோடு இருந்தவர்களும், "அவசரப்பட்டுவிட்டோம்" என்று ஒப்புக்கொண்டு, தங்களையே விலக்கத்துக்கு உட்படுத்தி மன்னிப்புக் கேட்டார்கள். அதற்குள் மனங்கள் முறிந்துபோயிருந்தன. இரண்டு பக்கமும் சேரவில்லை. நீக்கிய மூப்பரே இறங்கி வந்தார் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஏழு வருடம் தாமதித்துவிட்டார் என்பதையும்தான்.

இந்த ஊரில் 2006 அக்டோபர் 2-ம் தேதி நடந்ததை இன்றைக்கும் எல்லோரும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள். நிக்கல் மைன்ஸ் என்ற இடத்தில் ஓரறைப் பள்ளிக்கூடம். ஆமிஷ் பண்ணைகளில் பால் எடுத்துப்போகும் லாரி ஓட்டுநர் ஒருவன் துப்பாக்கியோடு உள்ளே புகுந்து பத்துச் சிறுமிகளைச் சுட்டான். ஐந்து பேர் இறந்தார்கள். அவனும் தன்னைச் சுட்டுக்கொண்டு செத்தான். அன்று மாலையே ஆமிஷ்காரர்கள் அவன் மனைவியையும் பெற்றோரையும் தேடிப்போய், "உங்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை" என்று சொன்னார்கள். அவன் அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிக்கு மேல் ஆமிஷ்காரர்கள். உதவியாக வந்து குவிந்த பணத்தில் ஒரு பகுதியை அவனுடைய விதவைக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள். பிழைத்தும் சக்கர நாற்காலியை விட்டு எழ முடியாமல் போன ஒரு சிறுமியை, கொன்றவனுடைய தாய் பல வருடங்கள் வாராவாரம் போய்க் கவனித்துக்கொண்டார். இதைக் கேட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மன்னிப்பைப் பற்றிச் சொல்லும் மத்தேயு 18-ஐ எடுத்து வாசித்தேன்.

என்னோடு வேலை பார்க்கும் ஓர் அம்மா ஆமிஷ் வீட்டில் பிறந்தவர். பெயரை எழுத வேண்டாம். அங்கே எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். அதற்கு மேல் அவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1972-ல் இந்த நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்புக் கொடுத்திருக்கிறது. இவருக்கு மேலே படிக்க ஆசை. ஞானஸ்நானம் எடுக்காமல் வெளியே போகிறவர்களை அவர்கள் விலக்குவதில்லை. எடுத்தபின் போனால்தான் விலக்கு. இவர் எடுத்தபின் போனார். பள்ளி இறுதிக்கு இணையான பரீட்சையைத் தனியாக எழுதி, நர்ஸிங் உதவியாளர் ஆனார். நிக்கல் மைன்ஸைப் பற்றி நான் வியந்து பேசியபோது அவர் சொன்னார்: "துப்பாக்கியோடு வந்தவனை ஒரே நாளில் மன்னித்தார்கள். புத்தகத்தோடு போன என்னை முப்பது வருடமாக மன்னிக்கவில்லை." அவர்களுக்கும் இதற்கு ஒரு பதில் உண்டு என்று அவரே நியாயமாகச் சொன்னார். வெளியாள் நமக்கு வாக்குக் கொடுக்கவில்லை. நீ முழங்காலில் நின்று கொடுத்தாய், முழங்காலில் நின்று திரும்பி வா என்பார்களாம். எனக்கு அது போதுமான பதிலாகப் படவில்லை. அவர் யாரையும் காயப்படுத்தவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. எதற்காக மன்னிப்புக் கேட்பது?

அவர் சொன்ன இன்னொன்று என் மனதை விட்டுப் போகவே இல்லை. விலக்கப்பட்டவர் வீட்டுக்கு வரலாம். ஆனால் ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது, கையிலிருந்து கைக்கு எதையும் வாங்கக் கூடாது. அவருடைய அம்மா என்ன செய்தாராம் தெரியுமா? இரண்டு மேசைகளை விரல் நுழையும் இடைவெளி விட்டுப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, மேலே ஒரே நீளத் துணியை விரித்துவிட்டார். சட்டத்துக்கு அது இரண்டு மேசை. மகள் கண்ணுக்கு ஒன்று. கிண்ணத்தைக் கொண்டுவந்து துணிமேல் வைத்துக் கையை எடுத்துக்கொள்வார், மகள் எடுத்துக்கொள்வார். அந்த வழக்கம் பல வீடுகளில் உண்டாம். நம் அம்மாவும் இப்படித்தான், நீங்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்து, பின்வாசல் வழியாகத் தம்பி வீட்டுக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்புகிறார்கள். கோபப்படாதீர்கள். எழுபதை நெருங்கும் ஒரு தாய், பெற்ற பிள்ளைக்கு ஒளித்துச் சோறு போட வேண்டியிருக்கிறதே என்று எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

"அப்படிப்பட்டவனுடனேகூடப் புசிக்கவுங்கூடாது" என்ற வசனத்தைச் சொல்வீர்கள். ஒன்று கொரிந்தியர் 5. ஆமிஷ்காரர்களும் அதையேதான் சொல்கிறார்கள். முழு வசனத்தையும் வாசியுங்கள் அப்பா. விபசாரக்காரன், பொருளாசைக்காரன், விக்கிரகாராதனைக்காரன், உதாசினன், வெறியன், கொள்ளைக்காரன். மனைவிக்கு ஊசி போட்டவன் அந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறான்? சபைக்கும் செவிகொடாதவன் உனக்கு அஞ்ஞானியைப் போலவும் ஆயக்காரனைப் போலவும் இருப்பானாக என்பது மத்தேயு 18. நீக்கக் கடிதத்திலும் அதைத்தான் எழுதியிருந்தீர்கள். அந்தச் சுவிசேஷத்தை எழுதிய மத்தேயுவே ஆயக்காரன், அதாவது வரி வசூலித்தவன். ஆண்டவர் அவன் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அதே அதிகாரத்தில், நாலைந்து வசனம் தள்ளி, ஏழெழுபதுதரம் மன்னிக்கச் சொல்லியிருக்கிறது. பாதியில் நிறுத்திப் பிரசங்கம் செய்கிறவர் இல்லை நீங்கள்.

ஒஹாயோ மாநிலத்தில் ஆண்ட்ரூ யோடர் என்ற ஆமிஷ் விவசாயி, நோயாளி மகளை அடிக்கடி டாக்டரிடம் கொண்டுபோகக் கார் தேவைப்பட்டதால், கார் அனுமதிக்கும் வேறு சபைக்கு மாறினார். பழைய சபை அவரை விலக்கியது. அவர் வழக்குப் போட்டு, 1947-ல் 5,000 டாலர் நஷ்டஈடும் வாங்கினார். பணத்தை நீதிமன்றம் வாங்கிக் கொடுத்தது. அண்டை அயலாரை வாங்கிக் கொடுக்க அதனால் முடியாது. தம்பி அப்படி எங்கேயும் போக மாட்டான். அவனுக்கு உங்களிடமிருந்து வேண்டியது தீர்ப்பு இல்லை.

மன்னிப்பு என்றால் முதலில் அதிகாரத்தில் இருக்கிறவர்தான் கேட்க வேண்டும் என்று இங்கே வந்தபின் உறுதியாக நினைக்கிறேன். பெலிக்ஸ் மான்ஸைக் கொன்ற சூரிக்கின் சபை 2004-ல் அவருடைய வழிவந்தவர்களை அழைத்து, அது பாவம் என்று ஒப்புக்கொண்டு, அந்த ஆற்றங்கரையிலேயே கல் பதித்தது. 2010-ல் உலக லுத்தரன் சபைகள், தங்கள் முன்னோர் செய்த துன்புறுத்தலுக்காக மென்னோனைட்டுகளிடம் மன்னிப்புக் கேட்டன. அதனால் அவர்கள் மரியாதை ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இப்போது என்னைப் பற்றி. வந்த புதிதில் நம் சபையின் கிளைக்குப் போனேன்; இப்போது போவதில்லை. வீட்டுக்குப் பக்கத்திலுள்ள மென்னோனைட் சபைக்குப் போகிறேன். ஜெபிக்கிறேன், பாடுகிறேன், தசமபாகம் கொடுக்கிறேன். நான் நன்றாக யோசித்து எடுத்த முடிவு இது. யாரும் என்னை இழுக்கவில்லை. தம்பியை நீக்கிய நியாயப்படி என்னையும் நீக்க வேண்டும். பாஸ்டர் அடுத்த கூட்டத்தில் தாளை நீட்டுவார். கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்பது உங்கள் சுயசித்தம். எப்படிப் போட்டாலும் நான் உங்கள் மகள்தான். மாதாமாதம் அனுப்புவதும் போன் செய்வதும் நிற்காது.

டிசம்பர் 22-ம் தேதி திருவனந்தபுரத்தில் இறங்குகிறேன். தம்பிதான் கார் கொண்டு வருகிறான். நேரே அவன் வீட்டுக்குப் போகிறேன். அன்று இரவுச் சாப்பாடு அங்கேதான், அம்மாவை முன்வாசல் வழியாக அழைத்துக்கொண்டு நீங்களும் வாருங்கள். மன்னிப்பு, அறிக்கை, சபை எதையும் அன்றைக்கு யாரும் பேச மாட்டோம், அவனிடமும் சொல்லிவிட்டேன். உங்கள் பேரனுக்குப் பல் முளைத்துவிட்டது. நீங்கள் இன்னும் அவனைத் தூக்கவில்லை. வருகிறீர்களா இல்லையா என்பதை மட்டும் அதற்கு முன் எழுதுங்கள். தம்பி மனைவி எத்தனை பேருக்குச் சமைக்க வேண்டும் என்று கேட்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்