மாம்பூ மாதத்தில் மாந்தோலுக்கு எங்கே போவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவியல் மாணவர்களுக்கான தொழில் யோசனைப் போட்டிகள் பற்றி உங்கள் இதழில் வந்த செய்தியைப் படித்தேன். அதே போல ஒரு போட்டி சென்ற மாதம் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரி ஒன்றிலும் நடந்தது. என் தங்கை மகள் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறாள். அவள் கூப்பிட்டதால் போய் உட்கார்ந்தேன். காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் ஆலையில் 26 சீசன் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்பதால், அங்கே பார்த்ததை எழுதத் தோன்றியது.

அவளும் தோழிகள் இருவரும் மாந்தோலிலிருந்து பெக்டின் எடுப்பதைப் பற்றிப் பேசினார்கள். ஜாம் கெட்டிப்படுவதற்குச் சேர்க்கும் பொருள் அது. உலகத்தில் பெரும்பாலும் எலுமிச்சை, ஆரஞ்சு தோலிலிருந்தும் ஆப்பிள் சக்கையிலிருந்தும் எடுக்கிறார்கள். மாந்தோலிலும் உண்டு. எங்கள் ஊரில் பெங்களூரா மாம்பழம் லாரி லாரியாகக் கூழாகிறது. தோலும் கொட்டையும் மலைபோல் குவிந்து நாறுகின்றன. யோசனை நல்ல யோசனை.

ஆனால் அதைத் தொழிலாக்குவதில் இருக்கிற சிக்கல் வேறு. தோலை உடனே வெந்நீரில் போட்டெடுத்தோ காயவைத்தோ வைக்காவிட்டால், அதிலுள்ள நொதிகளே பெக்டினைச் சிதைத்துவிடும். அமிலம் கலந்த சூடான நீரில் பெக்டினைக் கரைத்து, வடிகட்டி, ஆல்கஹால் ஊற்றினால்தான் அது திரிதிரியாகப் பிரிந்து வரும். அந்த ஆல்கஹாலைக் காய்ச்சித் திரும்ப எடுக்க முடியாவிட்டால் கணக்கு கட்டுப்படியாகாது. அதை வாங்கி வைக்கவே அரசு உரிமம் வேண்டும். அப்புறம், கூழ் ஆலை ஓடுவது வருடத்தில் இரண்டு மூன்று மாதம்தான். மீதி மாதம் எதை வைத்து ஓட்டுவது?

நடுவர்கள் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. ஐந்து வருடத்தில் எத்தனை கோடி விற்பனை, செயலி உண்டா, போட்டியாளர் யார் என்று கேட்டார்கள். தவறான கேள்விகள் என்று சொல்லமாட்டேன். ஆனால் பெக்டினைக் கையில் தொட்டுப் பார்க்காத பிள்ளைகள் விற்பனைக் கணக்குக்கு எங்கே போவார்கள்? திரையில் ஏதோ ஓர் எண்ணைக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

தேநீர் இடைவேளையில் "மாதிரி எங்கேம்மா?" என்று கேட்டேன். "பிப்ரவரியில தோலுக்கு எங்க போறது மாமா? சீசன் வரும்போது லேப் பூட்டியிருக்கும்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. பிப்ரவரியில் மாமரத்தில் பூவும் பிஞ்சும்தான். பழம் மே மாதம் வாக்கில் வரத் தொடங்கும்போது தேர்வும் விடுமுறையும் சேர்ந்து வந்துவிடுகின்றன. கல்லூரி திறந்து வகுப்புகள் சூடுபிடிப்பதற்குள் ஆலையில் பழம் குறைந்துவிடும். மாங்காட்டுக்கு நடுவே இருக்கிற கல்லூரியில் படித்தும், அந்தப் பிள்ளைகளால் மாம்பழக் காலத்தில் ஓர் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைய முடியவில்லை.

தர்மபுரியிலிருந்து வந்திருந்த ஒரு குழுவையும் சொல்ல வேண்டும். பென்னாகரம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள ஃபுளோரைடைக் குறைக்க ஒரு வடிகட்டி செய்திருந்தார்கள். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. வேறு நீருக்கு வழியே இல்லாவிட்டால்தான் அந்த அளவு வரைக்கும்கூட. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் கிணற்று நீரை நம்பும் வீடுகள் இருக்கின்றன என்றார்கள். வடிகட்டுவதற்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று தேதிவாரியாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். எத்தனை குடத்துக்கு ஒருமுறை உள்ளே இருப்பதை மாற்ற வேண்டும் என்பதுவரை அதில் இருந்தது. ஒரு குடும்பத்துக்கு மாதம் என்ன செலவாகும் என்று கேட்டதும் தடுமாறாமல் பதில் வந்தது. கிணற்று நீர் எல்லா மாதமும் கிடைக்கிறது, அவர்களால் செய்து பார்க்க முடிந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்புக்கூட இல்லை.

எனவே போட்டி நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய பரிசுத் தொகை அல்ல. யோசனைகளைப் பிப்ரவரியிலேயே கேளுங்கள், சரி. தேறிய குழுக்களுக்கு மே முதல் ஜூலை வரை ஆய்வுக்கூடச் சாவியையும், கூட நிற்க ஓர் ஆய்வக உதவியாளரையும் கொடுங்கள். அவருக்கு விடுமுறைக் காலச் சம்பளத்தைப் பரிசுப் பணத்திலிருந்தே கொடுக்கலாம். இறுதிச் சுற்றை அதற்குப் பிறகு வையுங்கள். அப்போது மேசைமேல் பொருள் இருக்கட்டும், கூடவே சரியாக வராமல் போன முயற்சிகளின் குறிப்பும் இருக்கட்டும். நடுவர்களில் ஒருவராவது ஆலைத் தளத்தில் நின்றவராகவோ, பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்பவராகவோ இருந்தால் கேள்விகள் தானாக மாறும். கிருஷ்ணகிரியில் வருடா வருடம் நடக்கும் மாங்கனிக் கண்காட்சியில் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு மேசை ஒதுக்கினால், கூழ் ஆலைக்காரர்கள் அங்கேயே வந்து பார்த்துவிடுவார்கள்.

என் தங்கை மகளின் குழுவுக்குப் பரிசு கிடைக்கவில்லை, ஆனாலும் அவர்கள் விடுவதாக இல்லை. பழைய நண்பர் ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்; சீசன் தொடங்கியதும் அன்றன்றைய தோலில் பத்துப் பத்துக் கிலோ எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். விடுமுறையில் லேபைத் திறக்கக் கேட்டுக் கல்லூரிக்கு மூவரும் கையெழுத்திட்டு மனு கொடுத்திருக்கிறார்கள். பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மாங்கூழ் ஆலை ஆய்வகப் பணியாளர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.