அம்மிச்சி பேர்

காங்கேயம்,
ஞாயித்துக்கெழமை ராத்திரி

மாப்ள முருகேசு,

ஆறு மாசமா ஒரு வரி எழுதலை. திட்டறதை நேர்ல திட்டு, வாங்கிக்கறேன். இங்க எல்லாரும் சௌக்கியம், கெணத்துல தண்ணி இருக்குது. வாத்தியார் இன்னும் அந்த மொபெட்டை விக்கலை.

எங்கம்மாவைப் பெத்த அம்மிச்சி போய் இருபது நாளாச்சு. போன்ல உங்கிட்டச் சொல்ல முடியாத ஒரு சங்கதி முள்ளாட்டம் குத்திட்டே இருக்குது. கருமாதிப் பத்திரிகையை நான்தான் டைப் பண்ணி அச்சாபீசுக்கு அனுப்பினேன். அங்க பிழைதிருத்தியில போட்டு, சிவப்புக் கோடு விழுந்ததையெல்லாம் அது காட்டினபடி மாத்திட்டாங்க. 300 பத்திரிகையிலயும் 'பாவாத்தாள்' இருக்க வேண்டிய எடத்துல 'பாவத்தால்'. உனக்கு ராகிக்களி கிண்டிப் போட்ட மனுஷி மாப்ள! மாமன் அதைக் கையில வெச்சுட்டு அழுதாரு. நானும் அவருமா விடிய விடிய உக்காந்து பேனாவுல திருத்தினோம்.

காலேஜ்ல நீ சொல்லுவியே, கம்ப்யூட்டர்ல எழுத்துப்பிழை திருத்தறது பத்தி 1964-ல டாமெராங்கறவர் எழுதின கட்டுரை. எழுத்துப்பிழையில 80 சதத்துக்கு மேல ஒரே ஒரு தப்புதான்: ஒரு எழுத்து விட்டுப்போகும், கூடிப்போகும், வேறயா மாறும், இல்லீன்னா பக்கத்து எழுத்தோட எடம் மாறிக்கும். அதனாலதான் பிழைதிருத்தி கிட்டக்க இருக்கற சொல்லாத் தேடி நீட்டுது. அம்மிச்சி பேர்ல ஒரு துணைக்காலை எடுத்து, ளகரத்தை லகரமாக்கினா முடிஞ்சுது. அண்ணமார் கதைத் தங்காளுக்கும் 'தங்கள்'ங்கறதுக்கும் ஒரே காலுதான் வித்தியாசம். ஆனா பேரு பிழையே இல்லையே! தெரியாத சொல் வேற, தப்பான சொல் வேற. தெரியலைன்னா தெரியலைன்னு நிக்கட்டும், வேற சொல்லைக் கொண்டாந்து எதுக்கு நீட்டணும்?

'அகராதியில் சேர்'னு ஒண்ணு இருக்குதே, அதையும் பண்ணிப் பார்த்தேன். பாவாத்தாள் சேர்ந்துச்சு. அடுத்த வரியில 'பாவாத்தாளுக்கு', மறுபடி சிவப்பு. 'பாவாத்தாளோட', அதுவும் சிவப்பு. நம்ம பேச்சுல பேரு எங்கடா ஒண்டியா நிக்குது? லிப்ரே ஆபீஸ்னு டைப் பண்ற மென்பொருள் இருக்குதே, அதோட சொந்த அகராதியில, புதுச் சொல்லுக்குப் பக்கத்துலயே 'இது இன்ன சொல்லாட்டம் விகுதி ஏத்துக்கும்'னு ஒரு மாதிரிச் சொல்லும் குடுக்கலாமாம். அதுக்கு அடியில ஓடற ஹன்ஸ்பெல்ங்கற பிழைதிருத்தி நிரல் ஹங்கேரி மொழிக்குன்னு செஞ்சது. அதுவும் நம்முளுதாட்டம் சொல்லுக்குப் பின்னால ஒட்டிக்கிட்டே போற மொழிதான். அப்ப '-ஆத்தாள்'னு முடியற பேருக்கு ஒருக்கா விதி எழுதிட்டா செல்லாத்தாள், கருப்பாத்தாள், ராமாத்தாள் அத்தனைக்கும் ஆகுமில்ல? அப்புறம் '-ஆயி', '-அண்ணன்', '-முத்து'.

விதியை நீ எழுது. பேரை நான் கொண்டாறேன். பரண்ல எங்க வீட்டு மொய் நோட்டு மூணு தலைமுறைக்கு இருக்குது. ஊரையும் ரூபாயையும் விட்டுட்டு வெறும் பேரை மட்டும் தெனமும் ராத்திரி எடுத்து எழுதறேன். பொங்கியண்ணன், நாட்ராயன், சென்னியப்பன்... இதுல பாதிப் பேரை இப்ப யாரும் கொழந்தைக்கு வெக்கறதில்லை. ஆனா பட்டாவுல இருக்குது, பென்சன் புஸ்தகத்துல இருக்குது. அதை டைப் பண்ற பையன் கண்ணுக்கு அது தப்பாத் தெரியக் கூடாது மாப்ள.

வேலை சாஸ்தின்னு தட்டிக் கழிச்சராத. இதை ஆரு செய்வான்னு யோசிச்சா எனக்கு உன் மொகம் மட்டுந்தான் வருது.

உங்க அப்பாரு பேரு ஒரு நோட்டுல 'குருக்களையன்', இன்னொண்ணுல 'குருக்களய்யன்'. ரெண்டையும் எழுதி வெச்சிருக்கேன். உங்க வீட்டுல எப்படி எழுதுவீங்கன்னு அம்மாகிட்டக் கேட்டுச் சொல்லு.

உன்
செந்தில்