எஞ்சினத் திறந்து பாக்காமயே வண்டிய விக்கச் சொல்றாங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

பைக் எஞ்சின்ல லேசா சத்தம் வந்தா போதும், "இதுக்குப் போய் செலவு பண்ணாத, தள்ளிவிட்டுட்டு வேற வண்டி எடு"ன்னு ஆளாளுக்கு ஆரம்பிச்சிடுறாங்க. சில மெக்கானிக்குங்களும் சத்தத்த கேட்ட உடனே ஃபுல் எஞ்சின் வேலைன்னு ஒரு தொகைய சொல்லிடுறாங்க. உள்ள என்ன போயிருக்குன்னு பாக்காம சொல்ற தொகைய வச்சு எப்படிங்க முடிவெடுக்கிறது?

திறக்கிறதுக்கு முன்னாடியே பாதி தெரிஞ்சிடும். கம்ப்ரெஷன் கேஜ் (சிலிண்டருக்குள்ள அழுத்தம் எவ்வளவுன்னு காட்டுற மீட்டர்) வச்சு பாக்கணும், ரீடிங் கம்மின்னா பிளக் ஓட்டை வழியா கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பாக்கணும், இப்ப நல்லா ஏறுச்சுன்னா பிஸ்டன் ரிங்கும் போரும் (பிஸ்டன் ஓடுற சிலிண்டரோட உள்சுவர்) தேஞ்சிருக்கு, ஏறவே இல்லன்னா பெரும்பாலும் வால்வு இல்ல ஹெட் கேஸ்கெட் (சிலிண்டருக்கும் அதுக்கு மேல இருக்கிற ஹெட்டுக்கும் நடுவுல வர்ற அடைப்புத் தகடு) பக்கம்தான் லீக். ஆயில வடிச்சும் பாக்கணும், காந்தம் வச்ச டிரெயின் போல்ட்டா இருந்தா அதுல மை மாதிரி சாம்பல் கலர்ல ஒட்டியிருக்கிறது சகஜம், பளபளன்னு செதில் செதிலா வந்தாதான் கவலப்படணும்.

சிலிண்டர் பிளாக்க கழட்டும்போது கூடவே நில்லுங்க. பிஸ்டனையும் கீழ சுத்துற கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராட புடிச்சு மேல கீழ இழுத்தா ஆட்டமே இருக்கக்கூடாது, பக்கவாட்டுல கொஞ்சம் நகரத்தான் செய்யும், அதைக் காட்டி பயமுறுத்துனா நம்பாதீங்க. ராடு நல்லா இருந்தா பிஸ்டன், ரிங், வால்வு எல்லாம் கிராங்க் பக்கம் பிரிக்காம, மேல்பாதிய மட்டும் பாக்குற ஹாஃப் எஞ்சின் வேலையிலயே முடிஞ்சிடும். போர்ல கோடு விழுந்திருந்தா ரீபோர் அடிச்சு, அதாவது போர கொஞ்சம் பெருசா கடைஞ்சு, 0.25 இல்ல 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம், ஆனா கோட்டிங் போட்ட போரா இருந்தா அது சரிப்படாது, பெரும்பாலும் பிளாக்கையே மாத்தணும்.

கிராங்க் போய், அதச் சுத்தியிருக்கிற கூடான கிராங்க்கேஸும் விரிசல் விட்டிருந்தா அப்பதான் ரிப்பேர் பண்றதா, வண்டிய மாத்துறதான்னு கணக்கு போடணும். அதுவும் நாம வாங்குன விலைய வச்சு இல்ல, இதே வண்டி நல்லா ஓடுற நிலைமையில இன்னிக்கு என்ன விலைக்குப் போகும்னு பாத்து. செயின் செட், டயர், ஃபோர்க் சீல்னு அடுத்து வரிசையா நிக்கிற செலவையும் சேத்துக்கணும். பார்ட்ஸ் கிடைக்காத பழைய மாடலா இருந்தா யோசிக்கவே வேணாம், வண்டியவே மாத்திடலாம். செகண்ட் ஹேண்ட் எஞ்சின் வாங்கி மாட்டலாம்பாங்க, அந்த எஞ்சின் எப்படி ஓடுச்சுன்னு யாருக்குத் தெரியும்? எஞ்சின் நம்பர் மாறுறதால பதிவு பத்திர வேலை வேற தனி.

இன்னொண்ணு, எதனால போச்சுன்னு கேக்காம விட்றாதீங்க. ஆயில் பம்ப் வேலை செய்யலன்னோ ஆயில் வழி அடைச்சிருந்தோ பிஸ்டன் சீஸ் ஆகியிருந்தா (அசையாம இறுகிப் போயிருந்தா), அதை சரி பண்ணாம புது பிஸ்டன் போட்டாலும் அதுவும் சீஸ்தான் ஆகும். கழட்டுன பழைய பார்ட்ஸ கையில வாங்கிக்கோங்க.

புது மாடல் வந்தா கலர் போட்டோவோட அவ்வளவு எழுதுறீங்க, இந்த ரிப்பேர் விஷயத்துக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்குங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்