கையெழுத்துப் போடுவதற்கு முன்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. நம் பிளாட்டை இடித்துக் கட்டும் ஒப்பந்தத்தை நேற்று இரவு படித்தேன். 'மலிவு விலை வீடு' என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. சதுர அடி வர வேண்டிய இடத்தில் வெறும் கோடுதான்!

கோலாலம்பூரில் உள்ள தாமான் ரிம்பா கியாரா பூங்காவை நினைத்துப் பாருங்கள். புக்கிட் கியாரா தோட்டத்து லயத்து மக்களுக்கு 350 வீடு, கூடவே பூங்கா நிலத்தில் வானளாவும் அடுக்குமாடிகள் என்றார்கள். பக்கத்து டிடிடிஐ (தாமான் துன் டாக்டர் இஸ்மாயில்) குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். மேம்பாட்டு அனுமதி செல்லாது என்று 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பூங்கா பிழைத்தது, சரி. ஆனால் தோட்டத்தில் உழைத்தவர்கள்தான் மறுபடி காத்திருந்தார்கள்.

நாமும் சீராய்வு மனு, அதாவது அதிகாரிகள் எடுத்த முடிவு சரிதானா என்று நீதிமன்றத்தைப் பார்க்கச் சொல்லும் மனு, போடுவதென்றால் அந்த முடிவு நமக்குத் தெரிந்த நாளிலிருந்து 3 மாதம்தான். ஞாயிறு காலை 10 மணிக்குக் கீழ்த்தளத்துக்கு வாருங்கள், வந்த கடிதத்தை உறையோடு கொண்டு வாருங்கள். தேதி உறையில்தான் இருக்கிறது.