போட் மெயில் அல்ல, பாசஞ்சர்

ஆசிரியர் அவர்களுக்கு,

தனுஷ்கோடியில் கூடும் கூட்டத்தைப் பற்றிய உங்கள் செய்தியைப் படித்தேன். அந்தக் கூட்டத்துக்கு அங்கே வரலாறு சொல்கிறவர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

போன மாதம் மதுரையிலிருந்து வந்த அக்கா பிள்ளைகளை அங்கே அழைத்துப் போனேன். இடிந்த தேவாலயத்தின் முன்னால் ஒரு தம்பி பழைய ரயில்வே ஊழியர் மாதிரி காக்கிச் சட்டையும் தொப்பியுமாக நின்று, “நான்தான் அன்றைக்குக் கொடி காட்டியவன்” என்று ஆரம்பித்தார். நல்ல குரல். ஆனால் 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் கடல் கொண்டுபோன ரயில் போட் மெயில் என்று சொல்லிவிட்டார். அது பாம்பனிலிருந்து வந்த 653-ஆம் எண் பாசஞ்சர். போட் மெயில் எழும்பூரிலிருந்து வந்து, இலங்கையின் தலைமன்னாருக்குப் போகும் கப்பலுக்குப் பயணிகளைக் கொண்டுவந்த வண்டி. ரயிலில் எத்தனை பேர் செத்தார்கள் என்று ஒருவர் கேட்டதும் “ஆயிரம்” என்றார். பக்கத்தில் சங்கு விற்றுக்கொண்டிருந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தம்பியைக் குறை சொல்லி என்ன செய்ய? காக்கிச் சட்டைகூடச் சொந்தக் காசில் தைத்ததாம். சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை. ஸ்வீடனில் ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகம் 1891-லேயே வந்துவிட்டது. இப்படி பழைய உடை போட்டு வரலாறு சொல்வது அங்கெல்லாம் ஒரு தொழில். அந்தக் காலத்து ஆளாகவே நடிப்பது ஒரு முறை. உடை மட்டும் பழசு, பேச்சு இன்றைய ஆளாக என்பது இன்னொன்று. தனுஷ்கோடிக்கு இரண்டாவதுதான் சரி. செத்தவர்களின் சொந்தபந்தங்கள் இன்னும் இந்தத் தீவில் இருக்கிறார்கள். அவர்கள் காதில் விழ அன்றைய ஆளாக நடிப்பது எனக்கு ஒப்பவில்லை.

சட்டைப் பையில் அடங்குகிற ஒரு தமிழ்க் கையேடும் இரண்டு நாள் பயிற்சியும் போதும். கையேட்டில் உறுதியான தகவல் எது, ஊர்ப்பேச்சு எது என்று பிரித்துப் போடட்டும். “தெரியவில்லைங்க” என்று கூச்சமில்லாமல் சொல்லவும் பழக்கட்டும். ராமநாதபுரம் அரண்மனையான ராமலிங்க விலாசம், கடலுக்குள் நவகிரகம் இருக்கும் தேவிபட்டினம் போன்ற மற்ற இடங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கிளம்பும்போது அக்கா மகள், சுவரில் ஏன் இத்தனை ஓட்டை என்று கேட்டாள். தம்பிக்குத் தெரியவில்லை. சங்குக்கார அம்மா எழுந்து வந்து அவள் விரலைப் பிடித்து ஒரு ஓட்டைக்குள் வைத்தார். “பவளக் கல்லு தாயி, கடலுக்குள்ள வளர்ந்தது. தடவிப் பாரு.” அவள் சுவர் முழுக்கத் தடவிக்கொண்டே போனாள்.

பயிற்சி நடத்துகிறவர்கள் அந்த அம்மாவையும் கூப்பிடட்டும், சம்பளம் கொடுத்து.

ஒரு வாசகி,
தங்கச்சிமடம்