குமுட்டியில் காயும் பாதரசம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கானா, பெரு நாடுகளில் சிறு அளவில் தங்கம் எடுப்போர் பாதரசத்தால் படும் துன்பத்தைத் தங்கள் நாளிதழில் படித்தபோது, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்கட்டுதான் என் நினைவுக்கு வந்தது. வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் கூட்டிச் சேர்த்த குப்பையை விலைக்கு வாங்கி, தொட்டியில் அலசி, ரசம் (பாதரசம்) விட்டுப் பிசைந்து, காடாத் துணியில் முறுக்கிப் பிழிவார் என் பெரியப்பா. துணியில் தங்கும் களி போன்ற உருண்டையைக் குமுட்டியில் வைத்து ஊதினால், ரசம் ஆவியாகிப் போய் வெள்ளி மிஞ்சும். மூன்றடி தள்ளி அம்மா சோறு வடித்துக்கொண்டிருப்பார்.

சுரங்கத்தில் நடப்பதும் இதே வேலைதான். இடித்த பாறைத்தூளில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் தங்கத்தை ரசம் பிடித்துக்கொள்கிறது, பிறகு நெருப்பு அதை விரட்டுகிறது. பாதரசம் 357 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அதன் ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சோடு உள்ளே போகும் ஆவியில் ஏறக்குறைய 80 விழுக்காடு இரத்தத்தில் கலந்து, மூளையையும் சிறுநீரகத்தையும் சென்றடைகிறது. கைநடுக்கம், ஈறு வீக்கம், தூக்கமின்மை, மறதி என்று மெல்லத் தலைகாட்டும். பெரியப்பாவுக்குக் கடைசி நாட்களில் டம்ளர் கையில் நிற்காது. வயதின் தளர்ச்சி என்றே விட்டுவிட்டோம். யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

2015ஆம் ஆண்டில் மனிதச் செயல்களால் காற்றில் கலந்த சுமார் 2,200 டன் பாதரசத்தில் 38 விழுக்காடு சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்து வந்ததாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டது. மேட்டூர் அனல்மின் நிலையப் புகைபோக்கியைப் பார்த்து வளர்ந்த நமக்கு, உலகில் எரியும் நிலக்கரி முழுவதும் வெளியிடுவதைவிட இது மிகுதி என்பது நம்பக் கடினமாகவே இருக்கும். நீரில் இறங்கும் பாதரசத்தை நுண்ணுயிர்கள் மெத்தில் பாதரசம் என்னும் கொடிய நஞ்சாக மாற்ற, அது மீன் வழியாகக் கருவிலுள்ள குழந்தைவரை போகிறது.

2018இல் இந்தியா ஏற்ற, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை, ரச உருண்டையைத் திறந்த வெளியிலும் குடியிருப்புகளிலும் எரிப்பதை ஒழிக்கச் சொல்கிறது. ஆனால் அந்தப் பிரிவு தாதுவிலிருந்து தங்கம் எடுப்பதை மட்டுமே பேசுவதால், பட்டறைக் குப்பை அதில் அடங்கவில்லை. சித்த மருத்துவர்கள் அறிந்த வாலையைப் போல, ஆவியைக் குழாயில் செலுத்திக் குளிர்வித்துத் திரும்பப் பிடிக்கும் மூடிய கலம் செய்வது பெரிய வித்தையன்று, ரசமும் மிச்சமாகும். பிலிப்பைன்ஸின் பெங்கெட் மலைச் சுரங்கத் தொழிலாளர்களோ, நன்கு அலசிய தூளை வெண்காரம் (போராக்ஸ்) சேர்த்து உருக்கி, ரசமே இல்லாமல் தங்கம் எடுக்கிறார்கள். அந்த வெண்காரம் நம் பட்டறைகளில் அன்றாடம் புழங்கும் பொருள்தானே!

எனவே மாவட்ட நிர்வாகம் குப்பை அரிப்போரைக் கணக்கெடுத்து, மூடிய கலங்களை மானிய விலையில் வழங்குவதோடு, அவர்களுக்கும் அவர்கள் வீட்டுப் பெண்கள், பிள்ளைகளுக்கும் சிறுநீரில் பாதரச அளவை இலவசமாகச் சோதிக்க ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பட்டறைக் குடும்பத்தைச் சேர்ந்த வாசகர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.