அடையாள அணிவகுப்புக்கு முன் படம் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வழிப்பறி வழக்கில் கைதான மூன்று இளைஞர்களைப் போலீசார் நடுவில் நிறுத்தி எடுத்த படம் போன வாரம் உங்கள் நாளிதழில் வந்திருந்தது. மூன்று முகங்களும் தெளிவாகத் தெரிந்தன. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

ஆறு வருடத்துக்கு முன் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பைக்கில் வந்த இருவர் என் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். பின்னால் இருந்தவன் முகத்தை இரண்டு நொடி பார்த்திருப்பேன். பத்து நாள் கழித்து ஒரு காவலர் வீட்டுக்கு வந்தார். செல்போனில் ஒரே ஒரு படத்தைக் காட்டி, "இவன்தானேம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொய் சொல்லவில்லை, அந்த நேரத்தில் எனக்கு அப்படித்தான் பட்டது. சங்கிலி பறிபோன அன்று அந்தப் பையன் வேறொரு வழக்கில் சிறையில் இருந்தான் என்பது பிற்பாடு தெரிந்தது. ஆனால் இன்றைக்கும் அந்தச் சம்பவத்தை நினைத்தால் பைக்கில் அவன் முகம்தான் வருகிறது. உண்மையில் பறித்தவன் முகம் என் நினைவிலேயே இல்லை.

எனக்கு மட்டும் வந்த கோளாறு இல்லை இது என்று அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவின் வட கரோலினாவில் 1984-ல் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஒரு கல்லூரி மாணவி, பிறகு அடையாளம் காட்ட வேண்டும் என்பதற்காகவே தன்னைத் தாக்கியவன் முகத்தை உன்னிப்பாகப் பார்த்து வைத்தார். போலீசார் காட்டிய ஆறு படங்களில் ரொனால்ட் காட்டன் என்பவரைக் காட்டினார். பிறகு நேரில் ஆட்களை நிறுத்தியபோதும் அவரையே காட்டினார். இரண்டிலும் இருந்தவர் காட்டன் ஒருவர்தான். சரியாகக் காட்டினீர்கள் என்று போலீசாரும் தைரியம் சொல்ல, தயக்கமெல்லாம் உறுதியாக மாறிவிட்டது. மறு விசாரணையில் உண்மையான குற்றவாளி பாபி பூலை எதிரே கொண்டுவந்து நிறுத்தியபோதுகூட, இவரை நான் பார்த்ததே இல்லை என்றார். 1995-ல் டிஎன்ஏ சோதனைதான் காட்டனைக் காப்பாற்றியது. அதற்குள் பத்து வருடத்துக்கு மேல் சிறையில் கழித்துவிட்டார்.

நம் ஊரில் அடையாள அணிவகுப்பை மாஜிஸ்திரேட் நடத்துகிறார். சந்தேகப்படும் ஆளை, அவரைப் போன்ற தோற்றமுள்ள பலரோடு நிறுத்தி, யார் என்று சாட்சியைக் காட்டச் சொல்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் முந்தின வாரமே சாட்சி அவர் படத்தைப் பேப்பரில் பார்த்திருந்தால்? சம்பவத்தில் பார்த்த முகத்தைக் காட்டுகிறாரா, பேப்பரில் பார்த்த முகத்தைக் காட்டுகிறாரா என்பது அவருக்கே தெரியாது. எனக்குத் தெரியவில்லையே! முன்கூட்டியே படம் வெளியான வழக்குகளில் அணிவகுப்பை நம்ப முடியாது என்று உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அதனால் நிரபராதி மாட்டிக்கொள்வது ஒரு பக்கம் என்றால், உண்மையான குற்றவாளி தப்பித்துக்கொள்ளவும் நாமே வழி செய்கிறோம்.

2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 54-வது பிரிவு, அடையாளம் காட்டுபவர் மாற்றுத்திறனாளியாக இருந்தால் அதை வீடியோவில் பதிவு செய்யச் சொல்கிறது. எல்லோருக்கும் அதைச் செய்தால் என்ன? சாட்சி எவ்வளவு நேரம் தயங்கினார், அருகில் இருந்தவர் என்ன சொன்னார் என்பதெல்லாம் நீதிபதிக்குத் தெரிய வரும். சந்தேக நபர் யார் என்றே தெரியாத ஒருவர்தான் சாட்சியின் பக்கத்தில் இருக்க வேண்டும். "அந்த ஆள் இந்த வரிசையில் இல்லாமலும் இருக்கலாம்" என்று சாட்சியிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அன்று என்னிடம் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால், "தெரியவில்லை" என்று சொல்லும் தைரியம் எனக்கு வந்திருக்கும்.

சட்டம் மாறும்வரை உங்களால் செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது. அடுத்த முறை இப்படி ஒரு படம் உங்கள் மேசைக்கு வரும்போது, அணிவகுப்பு முடிந்துவிட்டதா என்று உங்கள் நிருபர் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்கட்டும். முடியவில்லை என்றால், முகத்தை மறைத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி